"அம்மா அனுப்பினார்கள்": விக்டோரியா காலத்து ஆங்கிலக் கிராமத்தில் பொய் சொல்லிப் பணம் பெற்ற குற்றம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படும் காலமும் இடமும் எவை?

விக்டோரியா அரசி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான இங்கிலாந்தின் நாட்டுப்புறமே இங்கே பேசப்படுகிறது. அவர் பெயரைத் தாங்கி நிற்கும் ஆஸ்திரேலிய மாநிலம் அல்ல. ஒரு நிலக்கிழாரின் மாளிகை, சில பண்ணை வீடுகள், பாதிரியாரின் இல்லம், ஒரு மளிகைக் கடை, ஒரு கசாப்புக் கடை, ஒன்றிரண்டு மதுக்கடைகள், இவற்றைச் சுற்றி விவசாயக் கூலிகளின் குடிசைகள் என்பதே அந்தக் கிராமங்களின் பொதுவான அமைப்பு. 1850–51இல் இங்கிலாந்தைச் சுற்றிவந்து வேளாண்மையின் நிலையை எழுதிய ஜேம்ஸ் கெய்ர்டின் கணக்குப்படி, விவசாயக் கூலியின் சராசரி வாரச் சம்பளம் வட மாவட்டங்களில் 11 ஷில்லிங் 6 பென்ஸாகவும் தென் மாவட்டங்களில் 8 ஷில்லிங் 5 பென்ஸாகவும் இருந்தது. அன்று 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. கீழே வரும் தொகைகளை இந்தக் கூலியோடு வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் எடை புரியும். இரண்டு ஷில்லிங் என்பது தெற்கத்திக் கூலி ஒருவரின் ஒன்றரை நாள் உழைப்பு.

இந்தக் குற்றத்தைச் சட்டம் எப்படி வரையறுத்தது?

1861ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்தின் 88ஆம் பிரிவுதான் அக்காலத்தின் பெரும்பகுதிக்கும் அடிப்படை. ஏமாற்றும் எண்ணத்தோடு, பொய்யான பாவனை ஒன்றைக் காட்டி, இன்னொருவரிடமிருந்து பணத்தையோ பொருளையோ மதிப்புள்ள பத்திரத்தையோ பெறுவது குற்றம் என்று அது கூறியது. படிக்க எளிமையாகத் தோன்றினாலும், நீதிமன்றத்தில் நான்கு செய்திகளைத் தனித்தனியே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது: சொன்னது நடந்த அல்லது நடப்பில் உள்ள ஒன்றைப் பற்றிய பொய்யாக இருக்க வேண்டும், அது பொய் என்று சொன்னவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதை நம்பித்தான் மற்றவர் கொடுத்திருக்க வேண்டும், ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். நான்கில் ஒன்று நழுவினாலும் வழக்கு விழுந்துவிடும். எப்படியெல்லாம் நழுவியது என்பதுதான் கீழே வரும் பல பதில்களின் பொருள்.

இது திருட்டுத்தானே? எதற்குத் தனிக் குற்றம்?

பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் திருட்டு என்பது உடையவரின் இசைவில்லாமல் எடுப்பது. ஏமாந்தவரோ தம் கையாலேயே எடுத்துக் கொடுக்கிறார். 1703இல் வந்த ஒரு வழக்கு இதைத் தெளிவாகக் காட்டும். ஜோன்ஸ் என்பவர் ஒருவரிடம் போய், இன்னார் என்னை அனுப்பினார், 20 பவுண்டு வாங்கிவரச் சொன்னார் என்று கூறிப் பணத்தைப் பெற்றுக்கொண்டார். அந்த இன்னார் அவரை அனுப்பவே இல்லை. தலைமை நீதிபதி ஹோல்ட், ஒருவன் இன்னொருவனை முட்டாளாக்கியதற்கெல்லாம் குற்ற வழக்குப் போடுவதா, வேண்டுமானால் சிவில் வழக்குப் போடட்டும் என்று தள்ளிவிட்டார். கள்ளத் தராசு, கள்ளப் படி, போலிக் கடிதம் போல எச்சரிக்கையான மனிதரையும் ஏமாற்றக்கூடிய ஒரு கருவி இருந்தால்தான் அன்று குற்றம். வெறும் வாய்ப்பொய்யை நம்பியவர் தம் ஏமாளித்தனத்தைத் தாமே நொந்துகொள்ள வேண்டியதுதான்.

இந்த ஓட்டையை அடைத்தது 1757ஆம் ஆண்டுச் சட்டம். அதன்பின் 1779இல் பேர் (Pear) என்பவரின் வழக்கில், திருட்டின் எல்லையும் சற்று விரிந்தது. அவர் சட்டன் என்னும் ஊர் வரை போய்வருவதாகச் சொல்லி ஒரு பெண்குதிரையை நாள் வாடகைக்கு எடுத்து, அன்றே லண்டனின் ஸ்மித்ஃபீல்டு சந்தையில் விற்றுவிட்டார். குதிரைக்காரர் கொடுத்தது கைவசம் மட்டுமே, உடைமையை அல்ல. எடுக்கும்போதே விற்கும் எண்ணம் இருந்தது. ஆகவே அது திருட்டு என்று தீர்ப்பானது. இப்படித்தான் கோடு விழுந்தது: ஏமாந்தவர் பொருளை ஒப்படைத்தது தற்காலிகமாகவென்றால் திருட்டு, ஒரேயடியாகக் கொடுத்துவிட்டாரென்றால் பொய்ப் பாவனை. சட்டம் படித்தவர்களுக்கே வழுக்குகிற இந்தக் கோட்டைக் கிராமத்துக் கான்ஸ்டபிள் எப்படிப் பார்த்து வழக்கெழுதினார் என்று எண்ணிப் பார்த்தால் அவர்மேல் இரக்கமே வருகிறது.

கிராமத்தில் எந்தப் பொய் அதிகம் எடுபட்டது?

ஹோல்ட் தள்ளிவிட்ட அதே பொய்தான்: இன்னார் அனுப்பினார்.

கிராமத்துக் கடையில் ரொக்கம் குறைவாகவும் பற்று அதிகமாகவும் புழங்கியது. கூலிக்காரர் வாரம் முழுதும் கடன் சொல்லி வாங்கிச் சம்பள நாளில் கொடுப்பார். பண்ணைக்காரர்கள் மாதக்கணக்கிலும், மாளிகையார் அதைவிட நீண்ட காலத்துக்கும் கணக்கு வைத்திருப்பார்கள். பெரிய வீடுகளில் இருந்து யாரும் நேரில் வந்து தேயிலை வாங்குவதில்லை. வேலைக்காரச் சிறுமி வருவாள். கூடை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி வந்து நிற்கிறாள். "அம்மா அனுப்பினார்கள். அரை பவுண்டு தேயிலை, இரண்டு பவுண்டு சர்க்கரை, கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள்" என்கிறாள். கடைக்காரர் தேயிலையை நிறுத்துக் காகிதத்தில் மடித்துக் கட்டுகிறார். நோட்டில் பண்ணைவீட்டின் பெயருக்கு நேரே தொகையை எழுதுகிறார். சிறுமியின் பெயரை எழுதுவதில்லை. அவள் போன மாதமே அந்த வீட்டு வேலையை விட்டு வந்தவள் என்பது, கணக்குத் தீர்க்கும் நாளில் பண்ணைக்காரரின் மனைவி புருவத்தைச் சுருக்கும்போதுதான் தெரியவரும். குறிப்பிட்ட ஒரு வழக்கை நான் இங்கே விவரிக்கவில்லை. ஆனால் அக்கால நீதிமன்றச் செய்திகளைப் புரட்டுபவர்கள் இந்தக் காட்சியை ஆடைமாற்றி ஆடைமாற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தேயிலைக்குப் பதில் காலணி வரும், சிறுமிக்குப் பதில் வண்டிக்காரர் வருவார், இரண்டு பவுண்டு சர்க்கரைக்குப் பதில் அரை கிரவுன் (இரண்டரை ஷில்லிங்) கைமாற்று வரும்.

கிராமத்தில் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருந்ததால் ஏமாற்றுவது கடினம் என்று நாம் நினைக்கிறோம். என் கருத்து அதற்கு நேர்மாறானது. அறிமுகமே அங்கே நாணயமாகப் புழங்கியது. கையில் காசில்லாதவர் செலவழிக்கக் கூடியது ஒரு பெயரைத்தான், அது தம்முடையதாக இல்லாவிட்டால் இன்னொருவருடையதை. யாரையும் அறியாத நகரத்துக் கடையில் இந்தப் பொய்க்கு அரை பென்னி கூடப் பெயராது.

அதே செய்தியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால்?

கதை முற்றிலும் மாறிவிடும். எசமானியின் பெயரில் ஒரு துண்டுச் சீட்டை எழுதிக்கொண்டு போனால் அது கள்ளக் கையெழுத்து. 1861ஆம் ஆண்டின் கள்ள ஆவணச் சட்டத்தின்படி, பணமோ சரக்கோ கொடுக்கச் சொல்லும் வேண்டுகோளைப் போலியாக எழுதுவது பெருங்குற்றம். அதற்கான உச்ச தண்டனை ஆயுட்காலச் சிறை வேலை. வாயால் சொன்னால் சிறுகுற்றம், உச்சம் சில ஆண்டுகள். அதே சொற்களைப் பென்சிலால் எழுதினால் ஆயுள் வரை போகலாம். நடைமுறையில் நீதிபதிகள் அவ்வளவு தூரம் போகவில்லை என்றாலும், எழுதத் தெரிந்திருப்பது சில நேரம் ஆபத்தானது என்பதை அந்தச் சட்டப் புத்தகத்தில் பார்க்கலாம்.

"சனிக்கிழமை கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்லி வாங்கிவிட்டுக் கொடுக்காதவர் குற்றவாளியா?

அல்லர், கொடுக்கும் எண்ணமே அவருக்கு முதலில் இருந்து இல்லாவிட்டாலும் அல்லர். 1821இல் குட்ஹால் என்பவரின் வழக்கில் இது முடிவானது. அவர் கசாப்புக் கடைக்காரரிடம் பணம் தருவதாக வாக்களித்து இறைச்சியைப் பெற்றுக்கொண்டார். தரும் எண்ணம் அவருக்கு இல்லை என்று ஜூரி கண்டது. ஆயினும் நீதிபதிகள் தண்டனையை நீக்கினார்கள். இனி நடக்கப்போவதைப் பற்றிய பேச்சு வாக்குறுதிதான், நடப்பைப் பற்றிய பொய் அல்ல என்பது அவர்கள் வாதம். கடைக்காரர் விழிப்பாக இருந்திருக்க வேண்டும் என்ற ஹோல்ட் காலத்துக் குரல் இதில் இன்னும் கேட்கிறது.

விளைவு விசித்திரமானது. "சனிக்கிழமை தருகிறேன்" என்றவர் தப்புவார். "சனிக்கிழமை தருகிறேன், இன்ன பண்ணையில் வேலையில் இருக்கிறேன்" என்று வேலையில்லாதபோது சொன்னவர் மாட்டுவார், ஏனென்றால் பின்பாதி நடப்பைப் பற்றியது. 1862இல் ஜெனிசன் வழக்கும் இந்த வழியில்தான் போனது. மணமான ஒருவர் தம்மை மணமாகாதவர் என்று ஒரு பெண்ணிடம் கூறி, அவளை மணப்பதாகவும் அவள் தரும் பணத்தில் வீட்டுக்குச் சாமான் வாங்குவதாகவும் சொல்லி அவள் சேமிப்பைப் பெற்றுக்கொண்டார். கல்யாண வாக்குறுதியும் சாமான் வாக்குறுதியும் சட்டத்தின் பார்வையில் வெறும் காற்று. மணமாகாதவன் என்ற ஒரு சொல்தான் நடப்பைப் பற்றிய பொய், அது ஒன்றே போதும் என்று தண்டனை உறுதியானது. அவர் உண்மையிலேயே மணமாகாதவராக இருந்து, மற்ற அத்தனையும் பொய்யாக இருந்திருந்தால் தப்பியிருப்பார்.

1869ஆம் ஆண்டின் கடனாளிகள் சட்டம், பொய்ப் பாவனை காட்டியோ வேறு மோசடியாலோ கடன் வசதி பெறுவதையும் ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. உணவுவிடுதியில் தங்கித் தின்றுவிட்டு நழுவியவர்கள் மீது கை வைக்க இது உதவியது.

ஒன்றும் பேசாமலேயே பொய் சொல்ல முடியுமா?

முடியும். 1837இல், விக்டோரியா அரியணை ஏறிய அதே ஆண்டில், ஆக்ஸ்போர்டில் பர்னார்டு என்பவர் பல்கலைக்கழக மாணவர்களுக்குரிய தொப்பியும் அங்கியும் அணிந்துகொண்டு காலணிக் கடைக்குப் போனார். அவர் மாணவர் அல்லர். வாயாலும் பொய் சொன்னார் என்றாலும், அந்த உடை ஒன்றே பொய்ப் பாவனைக்குப் போதுமானது என்று நீதிபதி பொலண்ட் கூறினார்.

சந்தையில் வியாபாரிகள் அளப்பதெல்லாம் இதில் வருமா?

புகழ்ச்சி வராது, பொருள் இன்னது என்ற திட்டமான பொய் வரும். இரண்டுக்கும் நடுவே நீதிபதிகள் மிகவும் திணறினார்கள். 1857இல் பிரையன் என்பவர், முலாம் பூசிய கரண்டிகளை எல்கிங்டன் நிறுவனத்தின் முதல்தரச் சரக்குக்கு இணையானவை என்று சொல்லி அடகுக் கடைக்காரரிடம் பணம் வாங்கினார். அது வியாபாரப் புளுகு என்று பெரும்பாலான நீதிபதிகள் விடுவித்தார்கள். 1871இல் ஆர்ட்லி என்பவர் ஒரு சங்கிலியைப் 15 காரட் தங்கம் என்று சொல்லி விற்றார். அது தண்டனையில் முடிந்தது. இணையானது என்பது கருத்து, 15 காரட் என்பது கணக்கு.

நாட்டுப்புறத்துக்கே உரிய வழக்கு பாலாடைக்கட்டியைப் பற்றியது. முழு வட்டப் பாலாடைக்கட்டியை அறுத்துப் பார்த்து வாங்க முடியாது, அறுத்தால் கெட்டுவிடும். ஆகவே வியாபாரி, அரைக்குழாய் வடிவிலான நீண்ட இரும்பு ஒன்றை அதன் பக்கவாட்டில் குத்தி, ஒரு சுற்றுச் சுற்றி, விரல் நீளத்துக்கு ஒரு துண்டை வெளியே இழுத்து நீட்டுவார். வாங்குபவர் முகர்ந்து பார்ப்பார், நுனியில் சிறிது கிள்ளி விரலிடையே நசுக்கிப் பார்ப்பார், வாயில் போட்டுப் பார்ப்பார்; மீதித் துண்டு மீண்டும் துளைக்குள் போய் அடைந்துகொள்ளும். 1847இல் அப்பட் வழக்கில் நடந்தது என்னவென்றால், நல்ல பாலாடைக்கட்டியிலிருந்து எடுத்த துண்டுகளை மட்டமானவற்றோடு சேர்த்து மாதிரியாகக் காட்டி விற்றதுதான். வாங்கியவர் சுவைத்தது ஒன்று, வீட்டுக்கு எடுத்துப்போனது வேறொன்று. வாங்கியவருக்குப் பொருளும் கிடைத்துத்தானே இருக்கிறது, இது வெறும் வியாபாரத் தகராறு என்ற வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை.

ஏமாற்ற முயன்றவரை எதிராளி கையும் களவுமாகப் பிடித்துவிட்டால்?

இங்கேதான் சட்டத்தின் மூன்றாவது நிபந்தனை விளையாடும். 1857இல் மில்ஸ் என்னும் கூலிக்காரரின் வழக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பண்ணை முற்றத்தின் வாசனையோடு சட்டப் புத்தகத்தில் நுழைந்த வழக்கு அது.

கால்நடைத் தீவனத்துக்காக வைக்கோலை நறுக்குவது மில்ஸின் வேலை. கூலி, கூடைக் கணக்கில்: கூடை ஒன்றுக்கு 2 பென்ஸ். அவர் நறுக்கியது 45 கூடை. பக்கத்துக் கொட்டிலில் ஏற்கெனவே நறுக்கி வைத்திருந்த வைக்கோலிலிருந்து 18 கூடை அள்ளிவந்து தம் குவியலில் சேர்த்துவிட்டு, 63 கூடை நறுக்கினேன் என்று 10 ஷில்லிங் 6 பென்ஸ் கேட்டார். அள்ளிவந்ததை முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் கேட்ட தொகையை எண்ணிக் கொடுத்துவிட்டு, பிறகு வழக்குப் போட்டார். உண்மை தெரிந்தே கொடுத்தவர் பொய்யை நம்பிக் கொடுத்தவர் ஆகமாட்டார் என்று தண்டனை நீக்கப்பட்டது. கணக்கிட்டுப் பாருங்கள்: அந்தத் தகராறின் மதிப்பு 18 கூடைக்கான 3 ஷில்லிங். மூன்று ஷில்லிங்குக்காக நாட்டின் மூத்த நீதிபதிகள் கூடினார்கள் என்பதை எண்ணும்போது, முதலாளி கூலிக்காரரை முறைப்படி கண்டித்து 45 கூடைக்குக் கொடுத்திருந்தால் எல்லாம் முற்றத்திலேயே முடிந்திருக்குமே என்று தோன்றாமல் இல்லை.

குறி சொல்பவர்களும் மந்திரக்காரர்களும் இந்தப் பிரிவில் வந்தார்களா?

வந்தார்கள். 1865இல் ஜைல்ஸ் என்ற பெண், கணவன் ஓடிப்போன ஒருத்தியிடம், வேலிகளும் வாய்க்கால்களும் குறுக்கே நின்றாலும் அவனைத் திரும்ப வரவழைக்கும் சக்தி தமக்கு உண்டு என்று கூறிப் பணம் பெற்றார். கணவன் வருவான் என்பது எதிர்காலம்; ஆனால் சக்தி இருக்கிறது என்பது நிகழ்காலம் என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். இலக்கண வகுப்பில் காலம் கற்பிப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அமையாது.

ஆனால் பெரும்பாலான குறிகாரர்கள் இவ்வளவு தூரம் கொண்டுவரப்படவில்லை. 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டம், கைரேகை முதலான தந்திரங்களால் மக்களை ஏமாற்றுபவருக்கு உள்ளூர் மாஜிஸ்திரேட்டே மூன்று மாதம் வரை சிறை விதிக்க வகைசெய்திருந்தது. ஜூரி வேண்டாம், காத்திருப்பு வேண்டாம். ஊர் ஊராகச் சென்ற ஜிப்ஸிப் பெண்கள்மீது அது தாராளமாகப் பாய்ந்தது.

பொய்க் காரணம் காட்டிப் பிச்சை எடுத்தவர்கள்?

அவர்களுக்கும் அதே 1824ஆம் ஆண்டுச் சட்டமே முதல் வலை; பொய்யான காரணம் காட்டித் தருமப் பணம் திரட்டுவோரை அது பெயர் சுட்டியே குறிப்பிட்டது. கப்பல் உடைந்து தப்பிய மாலுமி, வீடு எரிந்துபோன குடும்பத்தலைவர், சுரங்க விபத்தில் முடமானவர் என்று வேடம் பூண்டவர்களின் கையில் பாதிரியார்களும் மாஜிஸ்திரேட்டுகளும் கையொப்பமிட்டதாகக் காட்டும் விண்ணப்பம் ஒன்று இருக்கும். இப்படிப்பட்ட தாள்களை எழுதிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களைத் திருடர் பாஷையில் ஸ்க்ரீவர் என்பார்கள். 1840இல் நாடு முழுவதற்கும் ஒரே பென்னி தபால் கட்டணம் வந்தபின், நடந்து போகவும் தேவையில்லாமல் போயிற்று. கண்ணீர்க் கடிதமே பாதிரியார் வீட்டு வாசலுக்குத் தானாக வந்து சேர்ந்தது.

வழக்கு எங்கே, எப்படி நடந்தது?

முதலில் சிற்றமர்வு நீதிமன்றம்: அருகில் உள்ள சிறு நகரத்தில், பல இடங்களில் விடுதியின் கூடத்தில், சம்பளமில்லாத மாஜிஸ்திரேட்டுகள் இருவரோ மூவரோ அமர்வார்கள். அவர்கள் நிலக்கிழார்கள் அல்லது பாதிரியார்கள். சாட்சியைக் கேட்டு, வழக்கில் சாரம் இருப்பதாகத் தோன்றினால், மாவட்டத் தலைநகரில் ஆண்டுக்கு நான்கு முறை கூடும் காலாண்டு அமர்வு நீதிமன்றத்துக்கோ வட்டம் சுற்றிவரும் அசைஸ் நீதிபதிக்கோ அனுப்புவார்கள்.

இதில் எனக்கு மிகவும் உறுத்துகிற ஒரு முரண் உண்டு. 1855ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 5 ஷில்லிங்குக்கு மேற்படாத திருட்டை, குற்றம் சாட்டப்பட்டவரின் இசைவோடு சிற்றமர்விலேயே விசாரித்து முடிக்கலாம். அதற்கு உச்சம் மூன்று மாதச் சிறை. 1879இல் அந்த வரம்பு 40 ஷில்லிங் ஆனது. ஆனால் பொய் சொல்லிப் பெற்ற குற்றத்துக்கு இந்தச் சலுகை 1899 வரை நீட்டப்படவே இல்லை. கடை மேசையிலிருந்து தேயிலைப் பொட்டலத்தை எடுத்து ஓடிய சிறுமிக்கு அந்த வாரமே தீர்ப்பு. அதே பொட்டலத்தை "அம்மா அனுப்பினார்கள்" என்று கேட்டு வாங்கிய சிறுமிக்கோ, வழக்கை விசாரணைக்கு விடலாமா என்று பார்க்கும் பெரிய ஜூரி, தீர்ப்புச் சொல்லும் சிறிய ஜூரி, வழக்கறிஞர், குற்றப் பத்திரம் என்று முழுச் சடங்கும் நடந்தாக வேண்டும். ஜாமீனுக்கு ஆள் நிற்க யாரும் இல்லாவிட்டால், அடுத்த காலாண்டு அமர்வு கூடும் வரை வாரக்கணக்கில் மாவட்டச் சிறையில் கிடக்க வேண்டும். தீர்ப்பில் வரும் தண்டனையைவிடக் காத்திருப்பு நீண்டதாக அமைவதும் உண்டு.

வழக்குத் தொடுத்தது போலீஸா?

நூற்றாண்டின் முற்பகுதியில், ஏமாந்தவரேதான். மாவட்டந்தோறும் சம்பளப் போலீஸ் படை வைப்பது 1839இல் விருப்பமாகவும் 1856இல் கட்டாயமாகவும் ஆக்கப்பட்டது. அதன்பின் கான்ஸ்டபிள்கள் இந்தச் சுமையை மெல்ல மெல்ல ஏற்றார்கள். அரசு வழக்கு இயக்குநர் பதவி 1879ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது, அதுவும் பெரிய வழக்குகளுக்கு. கடைக்காரர் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்து, குறித்த நாளில் சாட்சிகளோடு மாவட்டத் தலைநகருக்குப் போய்ச் சேர வேண்டும். 1826ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி செலவுத் தொகை திரும்பக் கிடைக்கலாம் என்றாலும், கடையைப் பூட்டிவிட்டுப் போன நாட்களின் வியாபாரம் திரும்பாது. இரண்டு ஷில்லிங் சரக்குக்காக இவ்வளவு பாடுபடுவதைவிட, பெண்ணின் தகப்பனைக் கூப்பிட்டு வாரம் மூன்று பென்ஸாகக் கழித்துக்கொள்வதையே பலரும் விரும்பியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

எதிர்ப்பக்க ஆபத்தும் இருந்தது: கடனைத் திருப்பாதவரை மிரட்டிப் பணம் கறக்க இந்தக் குற்றச்சாட்டைச் சிலர் பயன்படுத்தினார்கள். மாஜிஸ்திரேட்டிடம் போகாமல் நேரே பெரிய ஜூரியிடம் குற்றப் பத்திரம் கொடுப்பதை 1859ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சில குற்றங்களுக்குத் தடைசெய்தது. அந்தச் சில குற்றங்களில் இதுவும் ஒன்று.

குற்றம் சாட்டப்பட்டவர் என்ன சொல்லித் தப்பலாம்?

சத்தியப் பிரமாணம் எடுத்துச் சாட்சி சொல்லும் உரிமை 1898 வரை அவருக்குப் பொதுவாக இல்லை. "அம்மா உண்மையிலேயே அனுப்பினார்கள்" என்று அந்தச் சிறுமி கூண்டிலிருந்து சொல்லலாம். அது சாட்சியம் ஆகாது. சொல்லுக்கு எதிர்ச்சொல்லாக மட்டுமே நிற்கும் வழக்கில், ஒரு பக்கத்துச் சொல்லுக்கு மட்டும் சாட்சியம் என்ற தகுதி இருந்தது.

தண்டனை எவ்வளவு?

1827ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாண்டு நாடுகடத்தல் வரை இருந்தது. 1861இல் அது மூன்றாண்டுச் சிறை வேலை அல்லது இரண்டாண்டு வரை கடுங்காவல் என்றானது. கடுங்காவல் என்றால், காலடியில் சுழன்றுகொண்டே இருக்கும் மிதிசக்கரத்தில் படியேறுவதுபோல் மணிக்கணக்கில் ஏறுவது, அல்லது தாரில் ஊறிக் கெட்டியான பழைய கப்பல் கயிற்றை விரல்களால் இழை இழையாகப் பிரிப்பது. சிறை முடிந்தபின்தான் கிராமத்துப் பெண்ணுக்கு உண்மையான தண்டனை தொடங்கும்: பழைய எசமானியின் நன்னடத்தைச் சான்று இல்லாமல் எந்த வீட்டிலும் வேலை கிடைக்காது, பொய்ச் சான்று காட்டினால் 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 பவுண்டு அபராதம்.

நாம் சொல்லும் "420" இதிலிருந்து வந்ததா?

நேரடியாக அல்ல, ஆனால் இரண்டும் ஒரே காலத்தவை, ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கவை. மெக்காலே குழு 1837இல் வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 415ஆம் பிரிவு ஏமாற்றுதலை வரையறுத்தது. ஏமாற்றிச் சொத்தைக் கொடுக்கத் தூண்டியதற்கு 420ஆம் பிரிவு ஏழாண்டு வரை சிறை விதித்தது. திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல், தருவதாக நம்பவைத்துக் கடன் வாங்குவதும் ஏமாற்றுதலே என்று 415ஆம் பிரிவின் எடுத்துக்காட்டே சொல்லிவிட்டது. அதாவது இங்கிலாந்தில் கசாப்புக் கடைக்காரரை ஏமாற்றி விடுதலையான குட்ஹால், அதைச் சென்னையில் 1862க்குப் பின் செய்திருந்தால் தண்டனை பெற்றிருப்பார். தன் ஊரில் துணியாத சீர்திருத்தத்தை ஆங்கிலேய அரசு இங்கே செய்து பார்த்தது. எண்ணத்தைப் பற்றிய பொய்யும் பொய்தான் என்று இங்கிலாந்துச் சட்டப் புத்தகம் ஒப்புக்கொள்ள 1968 வரை ஆயிற்று. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் 420இன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு இருக்கிறது; வசைச்சொல் மட்டும் எண்ணை மாற்றிக்கொள்ளவில்லை.

இத்தகைய வழக்குகளை இன்று எங்கே படிக்கலாம்?

மாவட்ட ஆவணக் காப்பகங்களில் உள்ள காலாண்டு அமர்வுச் சுருள்கள், கைதிகளின் அட்டவணைகள், உள்ளூர் வார இதழ்கள் ஆகியவை முதன்மையானவை. 1805 முதல் 1892 வரையிலான குற்றப் பதிவேடுகள் லண்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அட்டவணையில் ஒருவருக்கு ஒரு வரிதான் இடம்: பெயர், வயது, தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா என்ற குறிப்பு, குற்றம், தண்டனை.

ஆனால் குற்றப் பத்திரம் கிடைத்தால் விடக்கூடாது. திருட்டு வழக்கின் பத்திரத்தில் எடுத்த பொருளும் விலையும் இருக்கும், அவ்வளவுதான். பொய்ப் பாவனை வழக்கிலோ, சொல்லப்பட்ட பொய் இன்னது என்று விரித்தெழுதி, பிறகு அதை ஒவ்வொன்றாக மறுத்தும் எழுதினால்தான் பத்திரம் செல்லும் என்று 1814இல் நீதிபதிகள் முடிவுசெய்திருந்தார்கள். ஆகவே எழுத்தர் அழகான கையெழுத்தில், இன்ன நாளில் இன்ன பெண், தன்னை இன்ன அம்மாள் அரை பவுண்டு தேயிலைக்காக அனுப்பியதாகக் கூறினாள் என்று எழுதி, உண்மையில் அந்த அம்மாள் அவளை அனுப்பவில்லை, தேயிலை கேட்கவும் இல்லை என்று அடுத்த வரியில் தொடர்வார். தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத ஒருத்தி கடை மேசைக்கு முன்னால் நின்று சொன்ன சொல், அந்தத் தோல் தாளில் அப்படியே இருக்கிறது.